மாலதிக்கு, அந்தப் பரிசோதனை பற்றி

மதுரை

அன்புள்ள மாலதி,

மகளுக்கு வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. முதல் சம்பளத்தில் உனக்குப் புடவை வந்ததா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை.

பாக்குப் போட்டு வாய் இறுகியவர்களில் யாருக்குப் புற்று வரும் என்று ஆக்ஸிஜன் குறைந்தால் செல்களில் கூடும் புரதங்களை வைத்துச் சொல்லிவிடலாம் என உன் கிளினிக்குக்கு வந்த ஆய்வக விற்பனையாளர் அடித்துச் சொன்னாராமே. நம்பாதே. ஆளாளுக்குச் சோதனை எழுதித் தரும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

ஆனால் இறுகிய வாயில் ஆக்ஸிஜன் குறைகிறது என்ற விஷயம் பொய்யில்லை. போன வாரம் ஒரு லாரி ஓட்டுநரின் வாய்ச் சதைத் துணுக்கு என்னிடம் சோதனைக்கு வந்தது. வாயில் இரண்டு விரல் நுழையாது, ரசம் சாதம்கூடக் காந்துகிறதாம். ஸ்லைடில் மேல்தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் பாளம் பாளமாக இறுகி, ரத்தக் குழாய்கள் நசுங்கிக் கோடாகக் கிடந்தன. ரத்தம் போகாத இடத்துக்கு ஆக்ஸிஜன் எப்படிப் போகும்?

நாம் படித்தபோது இது பாடத்தில் இல்லை. ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தால் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் உருவான சில நிமிடங்களிலேயே சிதைக்கப்பட்டுவிடும். குறைந்தால் தங்கிவிடும், உட்கருவுக்குள் புகும். பிறகு குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளூட்-1, அமிலச் சுமையைச் சமாளிக்கும் சிஏ-9, புதுக் குழாய்களை வரவழைக்கும் விஇஜிஎஃப் எல்லாம் கூடுகின்றன. செல்கள் ஆக்ஸிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்குத்தான் 2019-இல் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் நோபல். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் திலகரத்னவும் லண்டன் கூட்டாளிகளும் 2008-லேயே இறுகிய வாய்த் திசுவில் எச்ஐஎஃப் கூடியிருப்பதைக் காட்டி, புற்றாக மாறுவதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள்.

சிக்கல் வேறிடத்தில். எச்ஐஎஃப்பைக் காட்டும் சாயமேற்றினால், அது கூடிய செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும், சரி. ஆனால் வெட்டி எடுத்த துணுக்குக்கும் ரத்தம் இல்லையே! திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடத் தாமதித்தால் அந்த நேரத்திலேயே எச்ஐஎஃப் கூடக்கூடும். வெறும் அழற்சியிலும் கூடும். ஓர் ஆய்வகம் எதை 'அதிகம்' என்கிறதோ, இன்னொன்று அதை 'மிதம்' என்னும். குளூட்-1 இதைவிடப் பரவாயில்லை. சிவப்பணுக்களும் பழுப்பேறுவதால் சாயம் பிடித்ததா என்று அதே ஸ்லைடில் சரிபார்க்கலாம். ஆனாலும் ஒருவருடைய எதிர்காலத்தை அது சொல்லாது.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் கதை வேறு, அங்கே ஆக்ஸிஜன் கணக்குக்கு நேரடிப் பயன் உண்டு. ஆக்ஸிஜன் இல்லாத செல்லைக் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு, அப்படிப்பட்ட செல்களைக் கதிருக்கு எளிதில் மடியவைக்கும் நிமோரசோல் மாத்திரையும் தரும் வழக்கம் வந்தது அதனால்தான்.

உன் நோயாளிகளிடம் அந்தப் புரதச் சோதனைக்கென்று பணம் பிடுங்காதே. பாக்கை நிறுத்தச் சொல், வாய்த் திறப்பை அளந்து குறித்து வை, வாய்க்குள் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தென்பட்டால் துணுக்கு எடுத்து உடனே ஃபார்மலினில் போட்டு எனக்கு அனுப்பு. செல்கள் எவ்வளவு பிறழ்ந்திருக்கின்றன என்று சாதாரணச் சாயத்திலேயே பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? புடவை விவகாரத்தை நேரில் விசாரித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சாந்தி