காட்டுத்தீப் புகையும் மேகத்தில் உறையும் நீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டுத்தீ குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆயினும், புகைத்துகள்கள் கலந்ததும் மேகத்து நீர் எளிதில் உறைந்து மழை பெருகும் என்று அதில் ஓரிடத்தில் சொல்லியிருப்பதை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. புகை மேகத்துக்குள் செய்யும் வேலை அவ்வளவு நேரானதன்று.

பாடநூல் பழக்கத்தில், நீர் சுழியம் டிகிரியில் உறையும் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். மேகத்திலோ தூய நீர்த்துளி ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் நீராகவே இருக்கும். அதற்கு முன்பே உறைய வேண்டுமானால், பனிப்படிகம் உருவாகித் தொற்றிக்கொள்ள ஏற்ற பரப்புடைய துகள் ஒன்று, அதாவது உறைகரு, துளிக்குள் இருக்க வேண்டும். பாலைவனத் தூசியிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் தாது, இலைகளில் வாழும் சில பாக்டீரியாக்கள், செயற்கை மழைக்குத் தூவப்படும் வெள்ளி அயோடைடு ஆகியவை இத்தகையவை. காற்றில் மிதக்கும் துகள்களில் லட்சத்தில் ஒன்று உறைகருவாகத் தேறுவதே அரிது. புகையில் மிகுதியாக உள்ள புகைக்கரிக்கும் கரிமப் பொருட்களுக்கும் இத்திறன் மிகக் குறைவு.

அப்படியானால் புகையில் உறைகருவே கிடையாதா என்றால், உண்டு. எரிந்தது எது என்பதைப் பொறுத்தது அது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, தாவரங்கள் எரியும்போதே, குறிப்பாக உயரமான புல் வகைகள் எரியும்போது, உறைகருவாகச் செயல்படும் தாதுக்கள் புதிதாக உருவாகிப் புகையிலும் சாம்பலிலும் சேர்வதைக் காட்டியது. புல்லினத் தாவரங்கள் மண்ணிலிருந்து, மணலின் மூலப்பொருளான சிலிக்காவை மிகுதியாக உறிஞ்சிச் சேர்த்துவைப்பவை என்பதை நெல் பயிரிடுவோருக்குச் சொல்லத் தேவையில்லை. பெருந்தீ எழுப்பும் சூறைக்காற்று நிலத்து மண்ணையும் வாரி மேலே கொண்டுபோகிறது. அதுவும் கணக்கில் சேர வேண்டியதே.

கட்டுரையாளர் கவனிக்கத் தவறியது புகையின் மற்றொரு முகத்தை. உறைய வைப்பதில் மந்தமான அதே துகள்கள், நீராவியைத் தம்மேல் படியவிட்டுத் துளிகளை உண்டாக்குவதில் வல்லவை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 2018ஆம் ஆண்டுக் காட்டுத்தீக் காலத்தில் விமானம் மூலம் அளந்தபோது, புகை கலந்த சிறு மேகங்களில் துளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்து மடங்காகவும், துளியின் விட்டம் பாதியாகவும் இருந்தன. ஒரு குடம் நீரை ஐந்து மடங்கு பேருக்குப் பங்கிட்ட கதைதான். பொடித்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வதும் குறைவு, உறைவதும் தாமதம். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரையுள்ள அடுக்கில், சற்றுப் பெரிய துளிகள் பனி உருண்டைகளின் மேல் ஒட்டி உறையும்போது, நுண்ணிய பனிச்சில்லுகள் தெறித்துப் புதிய படிகங்களாகப் பெருகுவது வழக்கம். ஹாலட், மாசப் ஆகிய இருவர் 1974இல் ஆய்வகத்தில் கண்டறிந்த நிகழ்வு இது. துளிகள் சிறுத்துவிட்டால் இந்தப் பெருக்கமும் தடைப்படுகிறது.

இதன் விளைவை அமேசான் காட்டின் மேல் அளந்தே பார்த்திருக்கிறார்கள். தூய மேகங்களில் அடித்தளத்திலிருந்து சுமார் 1.5 கிலோமீட்டர் உயரத்திலேயே தொடங்கிய மழை, புகை கலந்த மேகங்களில் 5 கிலோமீட்டருக்கும், நெருப்பின் மேலேயே எழுந்த மேகங்களில் 7 கிலோமீட்டருக்கும் மேலே தள்ளிப்போனதாக 2004இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் 2001 மே மாதம் சிசோம் காட்டுத்தீ எழுப்பிய இடிமேகத்தில், துளிகள் மைனஸ் 38 டிகிரி மட்டத்தை எட்டும் வரை உறையாமலே மேலேறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஆகவே, புகை மழையைத் தரும் என்பதைப் போலவே புகை மழையைக் கெடுக்கும் என்பதும் அரைகுறைச் செய்திதான். எரிந்தது மரமா புல்லா, மேகத்தின் உச்சி எந்த வெப்பநிலையை எட்டியது என்னும் இரண்டு விவரங்களையும் இனி வரும் இத்தகைய கட்டுரைகளில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.