கோழிக்கூட்டுக்குள் காடை வேண்டாம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். காடை வளர்க்கப் போகிறீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். சந்தோஷம். ஐம்பது காடை இருந்தால் வீட்டில் முட்டைக்குப் பஞ்சம் வராது, பிள்ளைகளுக்கும் பொழுது போகும். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னாள். இருக்கிற கோழிக்கூட்டிலேயே கீழ்ப்பாதியை வலை அடித்துத் தடுத்துக் காடைகளை விட்டுவிடலாம், தனிக்கூண்டுக்கு எதற்குச் செலவு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களாம். அந்தக் கணக்கைக் கலைக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். தவிர, இதே யோசனையோடு நம் பக்கத்தில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே புறக்கடையில் இரண்டையும் தாராளமாக வளர்க்கலாம். ஒரே கூரைக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

கோழி கொத்திவிடுமே என்றுதான் எல்லோருக்கும் பயம். நியாயம்தான். வளர்ந்த ஜப்பானியக் காடையே 150 முதல் 200 கிராம் எடைதான் இருக்கும். அன்று பொரித்த குஞ்சு 7, 8 கிராம். நாட்டுக்கோழிக்கு அது குஞ்சாகவே தெரியாது, வெட்டுக்கிளியைப் பிடிப்பதுபோலப் பிடித்துவிடும். ஆனால் கொத்துவதை வலை தடுத்துவிடும். எச்சத்தையும் மூச்சுக்காற்றையும் எந்த வலை தடுக்கும்? நீங்கள் சொல்கிற அமைப்பில் கோழிகள் மேலே அடையும், இரவு முழுக்க எச்சமிடும். அதற்கு நேர் கீழே காடையின் தீனித்தட்டும் தண்ணீரும் இருக்கும்.

குடற்புண் நோய் என்று ஒன்று உண்டு. கிளாஸ்ட்ரிடியம் கொலைனம் என்ற பாக்டீரியாவால் வருவது. முதலில் காடைகளில் கொத்துக் கொத்தாக வந்ததைப் பார்த்து அதற்குக் காடை நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். கோழிக்கும் வரும், ஆனால் காடையைப் போல வேகமாகக் கொல்லாது. நோயிலிருந்து தேறிய பறவை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் எச்சத்தில் கிருமி வெளிவந்துகொண்டிருக்கலாம். அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் நெடுநாள் கிடக்கும், ஈக்கள் வழியாகவும் பரவும். காடைக்குத் தொற்றினால் பல சமயம் முன்னறிகுறியே இருக்காது. காலையில் போய்ப் பார்த்தால் இரைப்பை நிறையத் தீனியோடு செத்துக் கிடக்கும். பாம்பு கடித்ததோ, யாராவது மருந்து வைத்தார்களோ என்று பக்கத்து வீட்டுக்காரர்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

சளி வியாதிகளும் அப்படித்தான். கோழிப்பண்ணைக்காரர்கள் சி.ஆர்.டி (நாள்பட்ட சுவாச நோய்) என்று சொல்கிற மைக்கோபிளாஸ்மா கிருமித் தொற்றை உடம்பில் வைத்துக்கொண்டே கோழி மேய்ந்து திரியும், முட்டையும் இடும். பக்கத்தில் இருக்கும் காடைக்கு அது போகும். முகம் வீங்கி, மூக்கில் நாற்றச்சளி வடியும் கொரைசா என்ற நோயும் போகும்.

இனி மறுபக்கம். காடை விற்பவர் உங்களிடம் கட்டாயம் சொல்லியிருப்பார்: “காடைக்கு நோயே வராதுங்க, தடுப்பூசியே வேண்டாம்.” இதில் பாதிதான் உண்மை. வெள்ளைக்கழிச்சலை, அதாவது ராணிக்கெட் நோயைக் காடை ஓரளவு தாங்கும். தாங்கும் என்றால் வைரஸ் அதன் உடம்புக்குள் போகாது என்று பொருளில்லை. பெரிதாக நோய் காட்டாமலே வைரஸை வெளியே விட முடியும். தடுப்பூசி போடாத உங்கள் கோழிகள் பக்கத்திலேயே இருந்தால் விளைவு உங்களுக்கே தெரியும், வெள்ளைக்கழிச்சல் புகுந்த வீட்டில் கூடு காலியாவதைப் பார்த்திருக்கிறீர்கள்.

பறவைக்காய்ச்சலில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1997-இல் ஹாங்காங்கில் பறவைக்காய்ச்சல் மனிதர்களுக்குத் தொற்றி 18 பேர் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அங்கே உயிர்ப்பறவைச் சந்தைகளைத் தொடர்ந்து சோதித்தபோது, எச்9 என்2 என்ற இன்னொரு பறவைக்காய்ச்சல் வைரஸ் காடைகளில் அதிகம் தங்குவது தெரியவந்தது. 2002-இல் உயிர்க்காடை விற்பனையையே அந்தச் சந்தைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மற்றக் கோழிகளிலும் அந்த வைரஸ் குறைந்தது. உங்கள் வீட்டுக்கும் ஹாங்காங் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கூண்டின் மேல் கூண்டாக இரண்டு சாதிப் பறவை என்பது அங்கேயும் அதேதான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் இடம். உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசித் தள்ளும். ஐப்பசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். இரண்டு பருவத்திலும் கோழிக்கூட்டுக் காற்று நேராகப் படாத இடம் என்று பார்த்தால் கோழிக்கூட்டுக்கு வடமேற்குப் பக்கம் வருகிறது. வாயு மூலை! வாஸ்து பார்க்கிற உங்கள் அப்பாவும் மறுக்கமாட்டார். முப்பது அடி தள்ள முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் இருக்கிற இடத்தில் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு. மழைத்தண்ணீர் கோழிப்பக்கமிருந்து காடைப்பக்கம் ஓடி வரக்கூடாது. மாலை வெயில் படும் பக்கம் ஒரு தென்னந்தட்டி கட்டிவிடுங்கள்.

கூண்டைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்குக் கால் வைத்து நிறுத்துங்கள். பண்ணைகளில் ஒரு காடைக்கு 150 முதல் 200 சதுர சென்டிமீட்டர் இடம் கொடுக்கிறார்கள். வீட்டில் அவ்வளவு நெருக்க வேண்டியதில்லை. நாலு அடிக்கு இரண்டரை அடியில் இரண்டு கூண்டு அடித்தால் ஐம்பது காடை வசதியாக இருக்கும். உயரத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மிரண்டால் காடை நேர் மேலே எகிறும். இரண்டு அடி, மூன்று அடி உயரக் கூண்டில் அது வேகமெடுத்துத் தலையை மோதி உடைத்துக்கொள்ளும். ஒரு அடிக்குள் இருந்தால் வேகமெடுக்க இடமில்லை. அல்லது ஆள் நின்று நடக்கிற உயரத்தில் பெரிய அடைப்பாகக் கட்ட வேண்டும். நடுத்தரம்தான் ஆபத்து. உள்கூரையில் ஒரு பழைய சாக்கைக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது.

கூண்டின் மேலே சரிவான தகரம் போடுங்கள். தட்டையாக விட்டால் உங்கள் சேவல் முதல் நாளே ஏறி உட்கார்ந்துவிடும், அப்புறம் தனிக்கூண்டு அடித்தும் பழைய கதைதான். அடியிலும் கவனம் வேண்டும். காடை எச்சத்தில் புழு வைத்தால் கோழிகள் வந்து கிளறும். எச்சம் விழத் தட்டு வைத்துத் தினம் வழித்துக் குழியில் போடுங்கள், கூண்டைச் சுற்றிக் கோழி நுழையாதபடி ஒரு வேலி கட்டுங்கள். கூண்டின் கால்களை, அந்தக் காலத்தில் பலகார அலமாரிக்கு வைப்பதுபோல, தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள். எறும்பு ஏறாது, கொசுவும் முட்டையிடாது.

எலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோழிக்கு வீசிய கம்பும் குருணையும் தரையில் மிச்சம் கிடந்தால் எலி வரும். வந்த எலி அதோடு திரும்பிப் போகாது. கோழியிடம் வாலாட்டப் பயப்படும், காடையைத் தூக்கிப்போகத் தயங்காது. வலைக்குக் கீழிருந்தே இரவில் காடையின் காலைக் கடித்து இழுத்துவிடும். எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வரும். கீரியும் பூனையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே கோழித்தீனியை மாலையில் எவ்வளவு தின்னுமோ அவ்வளவே போடுங்கள், மூட்டையைத் தகர டின்னில் மூடி வையுங்கள். கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் வலையைத் தருவார்கள், அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் ஆகும். அரை இஞ்சு வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த சதுரக் கண் வலை என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், வாங்கித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் ஒரு தரம் செய்துவிடலாம். தினம் செய்ய வேண்டியது வேலை வரிசை. காலையில் முதலில் காடை, அப்புறம் கோழி. காடைக்கூண்டுக்கு ஒரு தனிச் செருப்பு, தனித் துடைப்பம், தனி வாளி. ஒரு சிக்கல் என்னவென்றால், காடை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் முட்டையிடும். அந்நேரத்துக்கு நீங்கள் கோழிகளோடு புழங்கி முடித்திருப்பீர்கள். முட்டை எடுக்கப் போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவி, செருப்பு மாற்றிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் கோழிக்கூட்டிலிருந்து நேராக ஓடுவார்கள், அவர்களைப் பிடித்து நிறுத்துவது தங்கச்சி வேலை.

தீனியும் பொதுவாக ஓடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16, 17 சதவீதம் இருக்கும். முட்டையிடும் காடைக்கு 20 வேண்டும், குஞ்சுக்கு 24-க்குக் குறையக்கூடாது. காடைத் தீவனமே தனியாகக் கிடைக்கிறது.

உங்கள் அம்மா அடைக்கோழியில் காடை முட்டையை வைத்துப் பார்க்கலாம் என்றாராம். பத்து, பன்னிரண்டு கிராம் முட்டை அது, கனத்த கோழி மிதித்தால் போச்சு. பதினேழு, பதினெட்டு நாளில் பொரித்தாலும் முதல் நாளிலிருந்தே குஞ்சு கோழியின் கிருமிக்கு நடுவில்தான் கிடக்கும். மூன்று வாரம் தாண்டிய காடைகளாக வாங்குங்கள். அந்த வயதில் நெஞ்சு இறகைப் பார்த்தே ஆண் பெண் தெரியும்: ஆணுக்குச் செம்பழுப்பு, பெட்டைக்குக் கரும்புள்ளி. மூன்று பெட்டைக்கு ஒரு ஆண் போதும். கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நாமக்கல் காடை, நந்தனம் காடை வகைகளை விசாரியுங்கள். வலை வைத்துப் பிடித்த காட்டுக்காடையை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்கவே வேண்டாம். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், என்ன நோயோடு வருகிறது என்பதும் தெரியாது.

கால்நடைத்துறை பிப்ரவரியில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும், அதுவரை காத்திருக்க வேண்டாம். கால்நடை மருந்தகத்தில் கேட்டு உங்கள் கோழிகளுக்கு இப்போதே போட்டுவிடுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்துக் காடையை இறக்குங்கள். அதற்குள் கூண்டு ரெடியாகிவிடும். பட்டறையில் அளவு கொடுக்கும் முன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், முக்கியமாக உயரத்தை நான் ஒரு தரம் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மச்சான்