வியாழன் காலை கொலஸ்ட்ரால் சோதனை

வணக்கம். வியாழன் காலை 9 மணிக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள நம் ஆலையின் கேன்டீன் பக்கத்து அறையில் கொலஸ்ட்ரால் சோதனை. விரல் நுனியில் ஒரு குத்துதான், வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. இங்கே அளவு மில்லிமோலில் வரும். மொத்தம் 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஊரில் மில்லிகிராமில் சொல்லும் 200 என்பது இங்கே ஏறத்தாழ 5.2, குழம்பிவிடாதீர்கள். முடிவு உங்கள் கைக்கு மட்டும்தான் வரும், மேலாளருக்குப் போகாது.

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் நர்ஸிடம் அவசியம் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்த வேண்டாம்.

அப்புறம், திங்கள் முதல் கேன்டீனில் மட்டன் பன்னி சௌவோடு (bunny chow, குடைந்த ரொட்டிக்குள் குழம்பு நிரப்பியது) பீன்ஸ் பன்னி சௌவும் கிடைக்கும். பீன்ஸின் கரையும் நார்ச்சத்து கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். மட்டன் அண்ணன்மார் கோபிக்க வேண்டாம்!

வருகிறவர்கள் புதன் மாலைக்குள் இங்கே பெயர் போடுங்கள்.