தூத்துக்குடி மாவட்டக் காவலர்களுக்கு ஒரு தாமதமான நன்றி

எங்கள் மாவட்டத்து ஸ்டேஷன்களில் வேலை பார்க்கும் காவலர்களுக்கும் ஏட்டையாக்களுக்கும் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்களான எஸ்.எஸ்.ஐ.க்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை 2020 ஆகஸ்டிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது மனம் வரவில்லை. காரணத்தை மறைக்கவும் விரும்பவில்லை. அந்த ஜூன் மாதம்தான் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், காவலில் அடிபட்டு இறந்துபோனார்கள். ஊரே கொதித்துக் கிடந்தது. காக்கிச் சட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

முழுதாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 18 அன்று, கொலை வழக்கில் தேடப்பட்ட ஒரு ரவுடியைப் பிடிக்க வல்லநாடு பக்கம் போன குழுவில் ஆழ்வார்திருநகரி ஸ்டேஷன் காவலர் சுப்பிரமணியன் இருந்தார். தப்பியோடியவன் வீசிய நாட்டு வெடிகுண்டு அவர் உயிரைப் பறித்தது. வீட்டில் இளம் மனைவி, கைக்குழந்தை. செய்தியைப் படித்தேன், தாளை மடித்து வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாத்தான்குளத்துக் கோபத்தைச் சுப்பிரமணியன் மேலும் ஏற்றிவிட்டேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கோபம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அது குறைய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் சுப்பிரமணியனுக்கு நான் பட்ட கடன் வேறு கணக்கு.

அதே ஆண்டு ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் எஸ்.எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருடம் நவம்பரில் திருச்சி மாவட்டம் நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதனும் கொல்லப்பட்டார். இருவருமே ஐம்பதை எட்டியவர்கள். பூமிநாதனை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. நள்ளிரவு தாண்டிய ரோந்தில், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைத் திருச்சி எல்லையிலிருந்து புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம் வரை விரட்டிப் போய் மடக்கிப் பிடித்திருக்கிறார். உதவிக்கு ஆள் வருவதற்குள் வெட்டிவிட்டார்கள்.

ஆட்டுக்காகவா ஓர் உயிர் என்று அன்று பலர் கேட்டார்கள். என் அம்மா இரண்டு வெள்ளாடு வைத்துத்தான் என் பள்ளிச் செலவைச் சமாளித்தார். விடிந்து பார்க்கையில் கயிறு மட்டும் கிடந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டின் ஆடு போனால் போகட்டும் என்று பூமிநாதன் வண்டியைத் திருப்பவில்லை.

அவர் இறந்த பிறகு அரசு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. இரவு ரோந்துக்குத் துப்பாக்கியோடு போங்கள் என்று உத்தரவும் வந்தது. சரிதான். ஆனால் அந்த இரவு அவர் பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றிருக்க வேண்டும். ராத்திரியில் யாரையும் தனியாக அனுப்பாதீர்கள் என்று உங்கள் மேலதிகாரிகளை நான் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேளுங்கள். வார விடுமுறையை 2021-இல் அரசாணையாகவே போட்டார்கள். அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையால் 10 காவலர்கள் கொல்லப்பட்ட நாள் அக்டோபர் 21. ஆண்டுதோறும் அன்று மெரினாவில் டி.ஜி.பி. அலுவலக நினைவுச் சின்னத்தில் மலர் வைத்து, குண்டு முழங்க வணக்கம் செலுத்துகிறார்கள். சென்னை வரை வர எங்களில் எத்தனை பேரால் முடியும்? இந்த அக்டோபரில் ஆழ்வார்திருநகரி ஸ்டேஷன் வாசலில் சுப்பிரமணியனின் படத்தை வையுங்கள். காலையிலேயே பூவோடு வந்து நிற்கிறேன். அவர் பிள்ளைக்கு இப்போது பள்ளி போகும் வயது. அந்தப் பிள்ளையும் வந்தால், அன்று சொல்லாமல் விட்டதை நேரிலேயே சொல்லிவிடுவேன்.