அக்காவுக்கு: அந்த நோட்டுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள அக்கா,

நீங்கள் எங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோரக் குப்பை பொறுக்க வருவதை நிறுத்தி இந்த வாரத்தோடு மூன்று ஆண்டுகள் முடிகின்றன. நீங்கள் குப்பைக் கணக்கு எழுதிவந்த நோட்டைத் திருப்பித் தருவதா, நானே தொடர்ந்து எழுதுவதா என்று இத்தனை நாள் தடுமாறினேன்; நேற்றுதான் முடிவு செய்தேன். அதைச் சொல்வதற்கு முன் அந்த மாலையைப் பற்றிப் பேசியாக வேண்டும். இதைப் பலரும் படிப்பார்கள் என்பதால், அன்று நம்மோடு இருந்த இன்னொருவரைப் பற்றியும், குப்பையை எடுத்துச் செல்ல வண்டி வரும் என்று நமக்கு வாக்குக் கொடுத்தவர்களைப் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை. நெருப்பு வைத்த கை என்னுடையது. அதை மட்டும் எழுதுகிறேன்.

நாம் பொறுக்கிக் கட்டிய குப்பை மூட்டைகள் மூன்று வாரமாகச் சாலையோரத்திலேயே கிடந்தன. நாய்கள் அவற்றைக் கிழித்துப்போட, ஒரு முறை பொறுக்கியதையே மறுபடியும் பொறுக்கினோம். அந்தக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டியதே நாம்தான் என்பதுபோல் வழியில் போனவர்கள் பேசினார்கள். மழை பிடித்துக்கொண்டால் அத்தனையும் வடிகாலுக்குள் போய்விடும் என்று நான் பயந்தது உண்மை. ஆனாலும் நீங்கள் எனக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் வந்து நின்று, "இதில் குழாய்த் துண்டும் மின்கம்பி உறையும் இருக்கின்றன, எரிக்காதே" என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. அவற்றில் இருக்கும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் எரிந்தால் புகையோடு டையாக்ஸின் என்னும் நஞ்சும் கிளம்பும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான். தெரிந்தேதான் வைத்தேன்.

காற்று உங்கள் பக்கம் திரும்பியது. நீங்கள் முழங்கையை மடக்கி மூக்கைப் பொத்தியபடி, தனியாகப் பிரித்து வைத்திருந்த கண்ணாடிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து நெருப்புக்கு எட்டாத இடத்தில் வைத்தீர்கள். இருமிக்கொண்டே கடைசிப் பாட்டில் வரைக்கும் எடுத்து வைத்தீர்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பிறகு கையுறைகளை உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றி, நோட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தீர்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும், அக்கா. உங்கள் இருமலுக்காகவாவது பின்னால் ஓடி வந்திருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் என் மனத்தில் இருக்கும் மற்றொன்றையும் மறைக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர்தான் நின்றோம். உங்களை நம்பி வந்த பிள்ளைகள் நீங்கள் எங்கே என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஒரு தவறு செய்த என்னை விட்டுப் போனது நியாயம் என்றே வைத்துக்கொண்டாலும், அவர்கள் என்ன தவறு செய்தார்கள்?

எஸ்டோனியாவில் 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் ஒரே நாளில் 10,000 டன் குப்பையை அகற்றிய கதையை நீங்கள் சொன்ன அன்று, அந்த ஒரு நாள் மட்டுமே என் மனத்தில் தங்கியது. அதற்கு முந்தைய மாதங்களில் குப்பை எங்கெங்கே கிடக்கிறது என்று தேடி வரைபடத்தில் குறித்ததையும், எடுத்த குப்பை எங்கே போக வேண்டும் என்று முன்னதாகவே ஏற்பாடு செய்ததையும் நீங்கள் சேர்த்தே சொல்லியிருப்பீர்கள். நான்தான் காதில் வாங்கவில்லை. இருந்தாலும், வண்டிக்கு வழி செய்யாமல் ஒரு மூட்டைகூடக் கட்டக் கூடாது என்று நீங்கள் அன்றே கறாராகச் சொல்லியிருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருந்தது. என் ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள். அந்தக் கருணை எனக்கு உதவவில்லை.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் வியர்த்து ஒழுகிக்கொண்டிருக்கையில் நீங்கள் குனிந்து சிகரெட் துண்டுகளை எண்ணி எழுதியது அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதன் பஞ்சு பஞ்சே அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக், மண்ணோடு மண்ணாக மக்கிவிடாது என்று நீங்கள் விளக்கிய பிறகும் அதைச் சின்னக் குப்பையாகவே நினைத்தேன். இப்போது பக்கங்களை வரிசையாகப் புரட்டும்போதுதான், எந்த வளைவில் எது சேர்கிறது, தொட்டி வைத்த பிறகு எது குறைந்தது என்பதெல்லாம் தெரிகிறது. மூட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை.

நோட்டை நானே தொடர்கிறேன். எடுத்துச் செல்ல வண்டி உறுதியாகாத வாரத்தில் நாங்கள் பொறுக்கப் போவதில்லை. அன்றைக்கு எண்ணி மட்டும் எழுதுவோம். நேற்று இரவு எல்லாப் பக்கங்களிலும் ஓரத்தில் கோடு இழுத்து, 'எங்கே போனது' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். உங்கள் கையெழுத்து முடிகிற பக்கத்தில், அந்த மாலையின் தேதிக்கு நேராக, 'எரித்தேன்' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

உங்கள் தம்பி