எண்ணூரில் தாள் மாட்டுவதற்கு முன்

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. எண்ணூரில் பள்ளி மொட்டை மாடியில், காற்றை இழுத்துத் தூசியைத் தாளில் பிடிக்கும் சாம்ப்ளர் கருவியை வைக்க அனுமதி வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அந்தத் தூசியில் உள்ள உலோகங்களை எப்படி அளப்பது என்று நீ கேட்டவற்றில் மிக அவசியமானதை முதலில் எழுதுகிறேன்.

தூசியின் எடையை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதே. கடலோரத்தில் பிஎம்10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்கள்) எடையில் கடல் உப்புக்கும் மண்ணுக்கும் நல்ல பங்கு உண்டு. எடை குறைந்த நாளிலும் ஆர்சனிக் கூடுதலாக இருக்கலாம். உலைச் சூட்டில் ஆவியாகும் ஆர்சனிக், காட்மியம், ஈயம் எல்லாம் புகை குளிரும்போது மிக நுண்ணிய துகள்களில்தான் அதிகம் படிகின்றன. நுரையீரலின் அடிவரை போவதும் அந்தத் துகள்கள்தான். முடிந்தால் பிஎம்2.5-ஐயும் (2.5 மைக்ரான் வரையுள்ள துகள்கள்) சேர்த்து எடு.

கண்ணாடி இழைத் தாள் வேண்டாம். அதிலேயே துத்தநாகமும் பேரியமும் இருக்கும். விலை கூடினாலும் குவார்ட்ஸ் தாள் வாங்கு. பத்துக்கு ஒரு தாளையாவது மாடிவரை கொண்டுபோய், காற்று இழுக்காமலே திருப்பிக் கொண்டுவந்து சோதிக்கக் கொடு; தாளிலும் கையாள்வதிலும் எவ்வளவு உலோகம் சேர்கிறது என்று அதில் தெரியும். எவர்சில்வர் இடுக்கி நிக்கலையும் குரோமியத்தையும் ஒட்டவைக்கும்; பிளாஸ்டிக் இடுக்கியே போதும். கழற்றியதும் தாளின் ஓரத்தைப் பார். தூசி படிந்த இடமும் வெள்ளை ஓரமும் கூர்மையான கோட்டில் பிரியவேண்டும். கோடு மங்கியிருந்தால் தாளை இறுக்கிப் பிடிக்கும் கேஸ்கெட்டில் கசிவு. அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்காதே. உன்னுடையது கார்பன் பிரஷ் மோட்டார் என்றால் அது தன் செம்பையே வெளியே துப்பும். வெளியேறும் காற்றைக் குழாய் வைத்துத் தள்ளி விடாவிட்டால் உன் செம்புக் கணக்கு எதற்கும் உதவாது.

நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர் என்றால் 24 மணி நேரத்தில் 1,584 கன மீட்டர். தாள் அடைய அடைய ஓட்டம் குறையும்; தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து சராசரி எடு. 8×10 அங்குலத் தாளில் தூசி படியும் பரப்பு 7×9 அங்குலம். எனவே 1 அங்குல அகலத்தில், 8 அங்குல நீளத்துக்கு வெட்டிய பட்டையில் ஒன்பதில் ஒரு பங்கு தூசி இருக்கும். ஆர்சனிக் சரியாக வரம்பில், அதாவது கன மீட்டருக்கு 6 நானோகிராம் இருந்தால், முழுத்தாளில் 9.5 மைக்ரோகிராம், பட்டையில் 1.06. அதைக் கரைத்து 50 மில்லிலிட்டர் ஆக்கினால் லிட்டருக்குச் சுமார் 21 மைக்ரோகிராம். சாதாரணச் சுடர் ஏஏஎஸ்ஸுக்கு (கரைசலைச் சுடரில் விட்டு உலோகத்தை அளக்கும் கருவி) இது எட்டாது. கிராஃபைட் உலை ஏஏஎஸ்ஸோ, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ்ஸோ உள்ள ஆய்வகமாகப் பார்.

ஐசிபி-எம்எஸ்ஸிலும் உன் இடத்துக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. கருவிக்குள் ஆர்கானும் குளோரினும் சேர்ந்தால் நிறை 75; ஆர்சனிக்கும் அதே 75. கடல் உப்பில் குளோரைடு, கரைக்க ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் குளோரைடு. இந்தப் போலியை வடிகட்டும் ஹீலியம் மோதல் அறையை ஓடவிடாமல் அளந்தால் இல்லாத ஆர்சனிக்கைக் காட்டிவிடும். நேர்மாறாக, திறந்த பீக்கரில் வற்றக் காய்ச்சினால் இருக்கும் ஆர்சனிக்கும் ஆவியாகிப் போகும். மூடிய மைக்ரோவேவ் குடுவைதான் நல்லது. இரண்டையும் ஆய்வகத்திடம் நேரடியாகக் கேள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறிடம் போ.

குரோமியம் தனிச் சங்கதி. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இல்லாமல் மணற்சத்தில் பிடிபட்ட குரோமியம் முழுதாக வெளிவராது. ஒவ்வொரு தொகுதியோடும் என்ஐஎஸ்டி 1648ஏ தூசியை (உலோக அளவுகள் முன்பே சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுத் தூசி) சேர்த்து அளக்கச் சொல். ஈயமும் ஆர்சனிக்கும் சரியாக வந்து குரோமியம் மட்டும் குறைந்தால் காரணம் இதுதான். அறிக்கையில் ‘அமிலத்தில் கரைந்த பங்கு’ என்று எழுதிவிடு. மொத்தக் குரோமியத்தை வைத்து ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) எவ்வளவு என்று சொல்லவே கூடாது. அதற்குத் தனித் தாள், தனி முறை.

2009 நவம்பரில் வந்த தேசியக் காற்றுத் தரத்தில் கன மீட்டருக்கு ஆர்சனிக்குக்கு 6, நிக்கலுக்கு 20 நானோகிராம். இரண்டும் ஆண்டுச் சராசரி. ஈயத்துக்கு மட்டும் 24 மணி நேர வரம்பும் உண்டு: 1 மைக்ரோகிராம், ஆண்டுக்கு 0.5. ஆண்டுச் சராசரிக்கு வாரம் இருமுறையாக 104 மாதிரிகளாவது வேண்டும். ஒரே நாள் ஆர்சனிக்கை 6-உடன் ஒப்பிட்டு மனு கொடுத்தால் முதல் கேள்வியிலேயே தள்ளிவிடுவார்கள். மக்களின் நியாயமான புகார் அப்படி வீணாகக் கூடாது. காட்மியமும் மாங்கனீசும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் அதே கரைசலில் அளந்துவிடு, கூடுதல் செலவு சொற்பம்.

எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கூட்டாளிகளைப் பார். நிக்கலோடு வனேடியம் வந்தால் எண்ணெய் எரிப்பு, கப்பல் உட்பட. ஆர்சனிக்கோடு செலினியம் என்றால் நிலக்கரி. ஈயத்தோடு துத்தநாகமும் காட்மியமும் என்றால் உருக்காலை, பழைய உலோகம், குப்பை எரிப்பு. ஈய பெட்ரோல் 2000-த்தோடு போய்விட்டதால் இப்போது ஈயத்துக்கு வண்டிப் புகையைக் கைகாட்ட முடியாது. தென்மேற்குக் காற்று மணலி ஆலைகளின் புகையையும், வடக்குக் காற்று அனல் மின் நிலையத்தின் புகையையும் கொண்டுவரும். 24 மணி நேரத் தாளில் கடற்காற்றும் தரைக்காற்றும் கலந்துவிடும். மாதத்தில் சில நாளாவது 8 மணி நேரத்துக்கு ஒரு தாள் மாற்று. பக்கத்திலேயே காற்றுத்திசை மானி வை.

மீதிப் பட்டைகளை, தூசிப் பக்கம் உள்ளே மடித்து, உறையில் தேதி எழுதி வைத்துக்கொள். யாராவது எண்ணை மறுத்தால் வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். காற்று இழுக்காத தாள்களின் முடிவு வந்ததும் அதை எனக்கு அனுப்பு, மற்றதை அப்புறம் பார்ப்போம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா