சிற்ப நாற்காலி: படத்துக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிற்பம் போன்ற மேசை, நாற்காலிகளைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் இந்தச் சாமான்கள் எங்கே உடைகின்றன என்ற பேச்சே அதில் இல்லை.

நேரான பலகையிலிருந்து நாற்காலியின் வளைந்த காலை அறுத்தெடுத்தால், வளைவில் ஓரிடத்தில் மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடும் திசை, காலுக்குக் குறுக்கே வந்துவிடும். பாலிஷ் போட்டபின் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் சாய்ந்து உட்கார்ந்ததும் அந்த இடம் முருங்கைக் கிளை போல முறியும். காலைத் தடிமனாக்கினால் முறிவதைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது.

ரேகையும் சேர்ந்து வளைய வேண்டும். ஆவியில் வளைப்பதென்றால் ஓர் அங்குலத் தடிமனுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆவி காட்டி, வெளிப்பக்கம் இரும்புப் பட்டை கொடுத்து வளைக்க வேண்டும். சூடேறிய மரம் நசுங்கத் தாங்கும், இழுபடத் தாங்காது. பட்டை இல்லாவிட்டால் வெளிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பிளக்கும். மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனே 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியின் வளைவுகள் இந்தப் பட்டையால் வந்தவை. மற்றொரு வழி, 2 அல்லது 3 மி.மீ. மரத் தகடுகளை அச்சில் வைத்து ஒட்டுவது. அச்சிலிருந்து எடுத்ததும் சற்று நிமிரும் என்பதால், அச்சையே கொஞ்சம் கூடுதலாக வளைத்து வைக்க வேண்டும்.

பருமனான உருவங்களுக்கு அமெரிக்க மரச்சாமான் கலைஞர் வெண்டெல் காசில் கையாண்டது போலப் பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கலாம். எல்லாப் பலகையும் ஒரே ரேகைத் திசையில், ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். மரம் அகலவாக்கில் சுருங்கி விரியும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஒரு பலகையைக் குறுக்கே வைத்தால்கூடப் பருவம் மாறும்போது ஒட்டு விடும்.

பிளாஸ்டிக்கும் இதற்கு விலக்கல்ல. 1967இல் வெளிவந்த, ஒரே துண்டாக வார்த்த பான்டன் பிளாஸ்டிக் நாற்காலியில் பிற்பாடு மாற்றிய ஒரு வகைப் பிளாஸ்டிக் நாள்பட விரிசல் கண்டதால் 1979இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். வடிவத்தில் குறை இல்லை, பொருள்தான் பொருந்தவில்லை.

உட்காரும் சுகம் தனிக் கணக்கு. இருக்கை உயரம் 42 முதல் 45 செ.மீ., ஆழம் 40 முதல் 43 செ.மீ., பின்பக்கம் லேசான சரிவு. ஆழம் கூடினால் முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும். நல்ல மரத்தில் கை வைக்கும் முன் கழிவுப் பிளைவுட்டில் முழு அளவு மாதிரி செய்து, அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதை விட்டுவிடவே கூடாது.

இனி இத்தகைய படம் வெளியிடும்போது, இருக்கையின் உயரம், ஆழத்தையும், கால் வளைத்ததா அறுத்ததா என்பதையும் படத்துக்குக் கீழே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மரச்சாமான் வடிவமைப்பாளர்கள் சிலர்